பத்து மடங்கு விலைக்குப் பத்து மடங்கு ருசி வருமா?

வாசகர் கேள்வி – பதில்: ஆஃப்செட் ஸ்மோக்கர்

படுக்கைவாட்டில் ஒரு இரும்புப் பீப்பாய், அதன் ஒரு பக்கம் ஒட்டியிருக்கும் நெருப்புப் பெட்டி, மறுகோடியில் புகைபோக்கி. விறகு எரிவது ஓரிடம், கறி வேகுவது இன்னோரிடம். எண்ணெய் வயல் குழாய்களையும் பழைய எரிவாயுத் தொட்டிகளையும் வெட்டி, வெல்டிங் செய்து டெக்சஸில் பரவிய இந்த வடிவத்தைப் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் விலையைச் சுற்றியே இருந்தன. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

கேள்வி: மூன்று வருடமாக, உருண்டை மூடி போட்ட கெட்டில் கரியடுப்பில் கறியைப் புகையில் வேகவைத்து வருகிறேன். இப்போது ஆஃப்செட் வாங்க ஆசை. மெல்லிய தகட்டில் செய்தது ஒன்று பார்த்தேன். கனத்த தகட்டில் பட்டறையில் செய்தது அதைவிடப் பத்து மடங்கு விலை. அவ்வளவு கொடுத்தால் ருசி கூடுமா?

பதில்: ருசிக்காக மட்டும் என்றால் கொடுக்க வேண்டாம். காய்ந்த விறகு, புகையாமல் எரியும் தீ, நிலையான சூடு ஆகிய மூன்றும் அமைந்தால் மெல்லிய தகட்டுப் பீப்பாயிலும் அதே ருசி வரும். விலை கூடியது அந்த மூன்றையும் பன்னிரண்டு மணி நேரம் கட்டிக்காக்கும் பாட்டைக் குறைக்கிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அதைத்தான்.

எப்படிக் குறைக்கிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். 50 செ.மீ. விட்டமும் 1 மீட்டர் நீளமும் உள்ள பீப்பாய்க்கு, இரு முனைகளையும் சேர்த்து ஏறக்குறைய 2 சதுர மீட்டர் தகடு வேண்டும். 1.5 மி.மீ. தகடு என்றால் எடை சுமார் 24 கிலோ. 6 மி.மீ. தகடு என்றால் சுமார் 94 கிலோ. சூட்டைப் பிடித்து வைக்கும் திறனும் அதே விகிதத்தில் நான்கு மடங்கு. கறியைப் பார்க்க மூடியைத் திறந்தால் உள்ளே இருந்த சூடான காற்று முழுவதும் போய்விடும். ஆனால் அந்தக் காற்றில் இருந்த வெப்பம் மிகச் சொற்பம், காற்றின் எடையே கால் கிலோவுக்குக் குறைவு. மூடியதும் புதுக் காற்றைச் சூடாக்குவது சுவர்தான். கனத்த சுவர் சில நிமிடத்தில் பழைய சூட்டுக்குக் கொண்டுவந்துவிடும். மெல்லிய சுவரிடம் கொடுக்கச் சரக்கு இல்லை, தீ மறுபடி ஏறும்வரை காத்திருக்க வேண்டும். விறகு போட ஐந்து நிமிடம் தாமதமானாலும் இதே கதைதான்: ஒன்றில் வெப்பமானி முள் லேசாக அசையும், மற்றதில் 30 டிகிரி இறங்கிவிடும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். கனத்த தகடு சூட்டை வெளியே விடாது, அதனால் விறகு மிச்சமாகும் என்று விற்பவர்கள் பலர் சொல்கிறார்கள். இல்லை. இரும்பு சூட்டைத் தாராளமாகக் கடத்தும் பொருள். 6 மி.மீ. இரும்பும் 1.5 மி.மீ. இரும்பும் வெளிக்காற்றுக்கு இழக்கும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றே. கனத்த தகடு சூட்டைச் சேர்த்துவைக்கும் தொட்டி, போர்த்தும் கம்பளி அல்ல. சொல்லப்போனால் அந்த 94 கிலோவை முதலில் சூடாக்கவே ஒன்று முதல் ஒன்றரை மணி நேர விறகு கூடுதலாகப் போகும். விறகை மிச்சப்படுத்துவது இரட்டைச் சுவர் வைத்து, நடுவில் வெப்பத்தடைப் பொருள் திணித்த நெருப்புப் பெட்டிதான். குளிரிலும் காற்றிலும் சமைப்பவர்களுக்கு அது நல்ல செலவு.

இரண்டாவதாகக் கிடைப்பது காற்றோட்டம். நெருப்புப் பெட்டியின் அளவு, பீப்பாய்க்குள் திறக்கும் வாய், புகைபோக்கியின் அகலமும் உயரமும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் தீ தானாக மூச்சு விடும். தேர்ந்த கைவினைஞர் இதைக் கணக்குப் போட்டுச் செய்வார். மலிவு வகைகளில் இது பெரும்பாலும் பெட்டியில் அடைத்து அனுப்ப வசதியான அளவாகவே இருக்கும்.

ஆக, மாதம் இரண்டு முறையாவது, ஒவ்வொரு முறையும் எட்டு மணி நேரத்துக்கு மேல், பத்துப் பேருக்கு மேல் சமைப்பவர் என்றால் கனத்தது வாங்குங்கள். இருபது வருடம் உழைக்கும் பொருள், வருத்தப்பட மாட்டீர்கள். வருடத்துக்கு நாலைந்து முறை என்றால் மெல்லியதை வாங்கிச் சில திருத்தங்கள் செய்தால் போதும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகம் இருக்கிறது: மெல்லியதைவிட மூன்று நான்கு மடங்கு விலை, பளபளப்பான கைப்பிடி, பக்கப் பலகை, பெரிய சக்கரம், ஆனால் தகடு வெறும் 2 மி.மீ. இருப்பதில் மோசமான பேரம் அதுதான்.

கேள்வி: வாங்கப் போகும்போது எதைத் தட்டிப் பார்ப்பது, எதைக் கேட்பது?

பதில்: பீப்பாயின் தகடு எத்தனை மி.மீ., நெருப்புப் பெட்டியின் தகடு எத்தனை மி.மீ. என்று தனித்தனியாகக் கேளுங்கள். "கனமான இரும்பு" என்ற பதிலை ஏற்க வேண்டாம். மொத்த எடையைக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். மேலே சொன்ன அளவுள்ள ஸ்மோக்கர், கால்களும் நெருப்புப் பெட்டியும் சேர்ந்து 60 கிலோவுக்குள் இருந்தால் அது மெல்லிய தகடு. இரண்டில் ஒன்றுதான் கனமாகக் கிடைக்கும் என்றால் நெருப்புப் பெட்டி கனமாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். வளைவதும் அரித்துப்போவதும் அங்கேதான்.

நெருப்புப் பெட்டியின் கொள்ளளவு பீப்பாயின் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது பட்டறைக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. நம் உதாரணப் பீப்பாய் 196 லிட்டர். அதற்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் 40 செ.மீ. உள்ள பெட்டி சரியாக வரும். அதில் 35 செ.மீ. விறகு தாராளமாகப் படுக்கும். பெட்டிக்குள் விறகு வைக்கும் கம்பித் தட்டுக்கும் அடித்தரைக்கும் நடுவே 8 முதல் 10 செ.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். அது குறைந்தால் இரண்டு மணி நேரத்தில் சாம்பல் நிரம்பி, கீழிருந்து வரும் காற்று அடைபட்டு, தீ புகைய ஆரம்பிக்கும்.

இருட்டில் பீப்பாய்க்குள் ஒரு டார்ச் விளக்கை எரியவிட்டு மூடுங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் புகையும் கசியும். மூடியின் விளிம்பில் மெல்லிய கோடாக வெளிச்சம் வந்தால் பரவாயில்லை, இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் பட்டை ஒட்டிச் சரிசெய்யலாம். நெருப்புப் பெட்டியும் பீப்பாயும் சேரும் இடத்தில் வெளிச்சம் வந்தால் யோசியுங்கள். அங்கே போல்ட் போட்டு இணைத்ததைவிட முழு நீளமும் வெல்டிங் செய்தது நல்லது. மூடியை ஒரு மூலையில் அழுத்திப் பாருங்கள். மறுமூலை தூக்கினால் அது ஏற்கெனவே முறுக்கிக்கொண்டிருக்கிறது.

இந்த அளவுக்குப் புகைபோக்கி 10 முதல் 15 செ.மீ. விட்டம் இருக்கட்டும். பல மலிவு வகைகளில் வரும் 7.5 செ.மீ. குழாய் போதாது. குழாய் பீப்பாயின் உச்சியில் தொடங்காமல், கறி வைக்கும் கம்பித் தட்டின் மட்டத்தில் தொடங்கினால் இன்னும் நல்லது. உச்சியில் இருந்தால் சூடான காற்று கறியைத் தொடாமல் மேலோடு மேலாக ஓடிவிடும். கொழுப்பு வடிய அடியில் ஒரு குழாய் வேண்டும். மூடியில் பதித்த வெப்பமானிக்காக ஒரு காசுகூடக் கூடுதலாகத் தராதீர்கள்.

கேள்வி: மலிவான ஆஃப்செட் ஒன்றை வாங்கிவிட்டேன். நெருப்புப் பக்கம் இருக்கும் கறி கருகுகிறது, புகைபோக்கிப் பக்கம் வேகவில்லை. போதாததற்கு எல்லாமே கசக்கிறது. தூக்கிப் போட்டுவிட்டு நல்லது வாங்குவதா?

பதில்: தூக்கிப் போடாதீர்கள். கசப்பும் கருகலும் வெவ்வேறு நோய்கள். கசப்புக்குக் காரணம் ஸ்மோக்கர் இல்லை, தீ. அது தீராமல் விலை கூடியதற்குப் போனாலும் உங்கள் கறி கசக்கும்.

விறகு சூடாகும்போது அதிலிருந்து வாயுக்கள் கிளம்புகின்றன. ஏறக்குறைய 600 டிகிரி சூடும் போதுமான காற்றும் கிடைத்தால் அவை சுடர்விட்டு எரிந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலச் சாயல் புகையாக வெளியேறும். நமக்கு வேண்டியது இதுதான். சூடோ காற்றோ குறைந்தால் அந்த வாயுக்கள் எரியாமலேயே அடர்ந்த வெள்ளைப் புகையாகக் கிளம்பி, தாராகக் கறியின் மேல் படியும். நாக்கில் மரத்துப்போவது போன்ற கசப்பு அதனால் வருவது. புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றே: பெரிய தீயை மூட்டிவிடுகிறார்கள், சூடு ஏறியதும் பயந்து நெருப்புப் பெட்டியின் காற்றுவாயை மூடுகிறார்கள். தீ மூச்சுத்திணறிப் புகைகிறது. சூட்டைக் காற்றை அடைத்துக் குறைக்கக் கூடாது, விறகைக் குறைத்துக் குறைக்க வேண்டும். சின்னத் தீ, நிறையக் காற்று.

செய்முறை இப்படி. இரண்டு, இரண்டரை கிலோ மரக்கரியைத் தனியாகப் பற்றவைத்து, மேலே சாம்பல் பூக்கும்வரை 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். அதை நெருப்புப் பெட்டியில் பரப்பி, இரண்டு விறகுகளை நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். புகைபோக்கியின் மூடியை முழுவதும் திறந்துவிடுங்கள். சமையல் முடியும்வரை அதைத் தொடவே வேண்டாம். நெருப்புப் பெட்டிக் கதவையும் திறந்தே வைத்து, இரண்டு விறகும் எல்லாப் பக்கமும் கருத்துச் சுடர்விட்டபின் கதவைச் சாத்தி, காற்றுவாயைப் பாதிக்கு மேல் திறந்து வையுங்கள். சூடு 120 – 135 டிகிரியில் நின்று, புகை வெளுப்பு நீங்கித் தெளிந்தபின்தான் கறி உள்ளே போக வேண்டும். மெல்லிய தகட்டு ஸ்மோக்கரை 107 டிகிரியில் நிறுத்த மல்லுக்கட்டாதீர்கள். அவ்வளவு சின்னத் தீ அதில் சுத்தமாக எரியாது. 130-இல் விட்டால் அதுவே சுகமாக ஓடும்.

அடுத்த விறகை, முந்தைய விறகு தணலாகிச் சரியும் நேரத்தில் போட வேண்டும். பொதுவாக 30 முதல் 45 நிமிடத்துக்கு ஒன்று. போடப்போகும் விறகை அரை மணி முன்னதாகவே நெருப்புப் பெட்டியின் மேல்தகட்டில் வைத்துச் சூடேற்றினால், உள்ளே வைத்த சில நொடியில் சுடர் பிடிக்கும். குளிர்ந்த விறகு போட்டால் ஐந்து நிமிடம் வெள்ளைப் புகைதான். போட்டபின் கதவை ஓரிரண்டு நிமிடம் திறந்தே வையுங்கள், சுடர் வந்ததும் சாத்துங்கள்.

இனி கருகல். முதலில் உங்கள் பீப்பாயின் குணத்தைக் கண்டுபிடியுங்கள். 130 டிகிரியில் நிலைநிறுத்தி, கம்பித் தட்டு முழுக்க ரொட்டித் துண்டுகளை அடுக்கி, மூடியைத் திறக்காமல் 20 நிமிடம் விடுங்கள். எந்தத் துண்டு சிவந்தது, எது கருகியது, எது வெளுத்தே இருக்கிறது என்று பார்த்தால் சூட்டின் வரைபடம் கிடைத்துவிடும். நெருப்பு வாயிலிருந்து நேராகக் கறியை நோக்கி வரும் சூட்டை மறிக்க, 3 முதல் 5 மி.மீ. தகடு ஒன்றைச் சாய்வாக, கீழ்நோக்கி வைத்துப் பொருத்துங்கள். அதைத் தொடர்ந்து பீப்பாயின் அடியில் துளையிட்ட தகடுகளைப் பரப்பலாம். நெருப்புக்கு அருகில் துளைகள் சிறியதாக, தள்ளிப் போகப்போகப் பெரியதாக. இதெல்லாம் முடியாது என்றால் நெருப்பு வாய்க்கு முன்னால் ஒரு பெரிய தட்டில் தண்ணீர் வையுங்கள். அருகில் இருக்கும் கடுஞ்சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும்.

மெல்லிய சுவருக்கு எடை சேர்க்க, அடித்தட்டில் நான்கைந்து நெருப்புச் செங்கற்களைப் படுக்க வையுங்கள். அவை முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய கல் திடீர்ச் சூட்டில் வெடித்துத் தெறிக்கும். மூடி விளிம்புக்கு 12 மி.மீ. அகலமுள்ள வெப்பம் தாங்கும் கேஸ்கெட் பட்டை. ஒட்டுமுன் எண்ணெய்ப் பிசுக்கைச் சுத்தமாகத் துடைக்காவிட்டால் இரண்டாவது சமையலில் உரிந்து வரும். பீப்பாய் இணைப்புகளுக்கு உயர்வெப்ப சிலிகான் போதும். நெருப்புப் பெட்டி இணைப்புக்கு அது தாங்காது, அடுப்புகளுக்கென்று விற்கும் நெருப்புச் சிமெண்ட் பூசுங்கள். புகைபோக்கியை உள்பக்கம் கம்பித் தட்டு மட்டம்வரை நீட்ட அலுமினியக் குழாய் போதும். துத்தநாகம் பூசிய தகரத்தை ஸ்மோக்கருக்குள் எங்கேயும் பயன்படுத்த வேண்டாம். கடுஞ்சூட்டில் அதன் புகை நஞ்சு.

இவ்வளவும் செய்தால் ஸ்மோக்கர் விலையில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகும். அதற்குமேல் செலவு ஏறினால் நிறுத்திவிடுங்கள். 1.5 மி.மீ. தகட்டை எந்த ஒட்டு வேலையும் 6 மி.மீ. ஆக்காது.

கேள்வி: விறகைத் தண்ணீரில் ஊறவைத்துப் போட்டால் புகை நிறைய வரும் என்கிறார்களே?

பதில்: வருவது பெரும்பாலும் நீராவி. அந்த நீர் வற்றும்வரை தீயின் சூடு வீணாகும். ஊறவைக்க வேண்டாம்.

கேள்வி: எந்த விறகு, எவ்வளவு வேண்டும்? எப்படிக் காய்ந்திருக்க வேண்டும்?

பதில்: ஓக், ஹிக்கரி, பீக்கன், ஆப்பிள், செர்ரி போன்ற கெட்டி மரங்களும் பழமரங்களும் ஏற்றவை. மத்திய டெக்சஸில் போஸ்ட் ஓக் மரத்துக்குத்தான் முதல் மரியாதை: நிதானமாக எரியும், தணல் நிற்கும், புகை முரட்டுத்தனம் செய்யாது. மெஸ்கீட் சூடாகவும் காட்டமாகவும் எரிவது. சீக்கிரம் வேகும் கறிக்குச் சரி, பன்னிரண்டு மணி நேரத்துக்கு அதிகம். பைன் போன்ற பிசின் மரங்கள், வண்ணம் பூசியவை, மருந்தேற்றிய பலகைகள், ஒட்டுப்பலகை எதுவும் கூடாது.

எந்த மரம் என்பதைவிட எவ்வளவு ஈரம் என்பது முக்கியம். 15 முதல் 20 சதவீதம் சரி. ஈரமானியை விறகின் வெளிப்பக்கம் குத்தினால் பெரும்பாலும் குறைவாகவே காட்டும். அந்த இடத்திலேயே பிளந்து, புதுமுகத்தில் குத்திப் பாருங்கள். மானி இல்லையென்றால் இரண்டு துண்டுகளை மோதுங்கள். காய்ந்தது கணீர் என்று ஒலிக்கும், ஈரமானது மொத்தென்று கேட்கும். சூளையில் 10 சதவீதத்துக்கும் கீழே உலர்த்தியது காகிதம்போல் பற்றிக்கொண்டு சூட்டைத் துள்ளவிடும், அதுவும் தொல்லையே. வீட்டு அளவு ஸ்மோக்கருக்கு நீளம் 30 – 40 செ.மீ., தடிமன் 5 – 8 செ.மீ. பன்னிரண்டு மணி நேரத்துக்கு 16 முதல் 24 துண்டு பிடிக்கும். காற்றடிக்கும் நாளில் இன்னும் ஆறேழு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விறகுச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடச் சொல்வோம். நல்ல காய்ந்த விறகு தொடர்ந்து கிடைக்காத இடத்தில் இருப்பவர் எவ்வளவு விலை கொடுத்து ஆஃப்செட் வாங்கினாலும் அது நிழலில் துருப்பிடிக்கும்.

கேள்வி: என் ஸ்மோக்கரில் மரக்கரி மட்டும் போட்டு, நடுநடுவே ஒரு கட்டை வைத்து ஓட்டலாமா?

பதில்: சின்ன, மெல்லிய ஸ்மோக்கருக்கு அதுவே நல்ல வழி. கம்பிவலையில் ஒரு கூடை செய்து நிறையக் கரி நிரப்பி, ஒரு மூலையில் மட்டும் பற்றிய கரியை வையுங்கள். மெல்ல மெல்லப் பரவும். கைப்பிடி அளவு மரக்கட்டை ஒன்றை 45 நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வைத்தால் போதும். விறகுத் தீயின் மணம் முழுசாக வராது, ஆனால் கசப்பும் வராது.

கேள்வி: புகை பீப்பாயின் கடைசிவரை போய்த் திரும்பி வரும் "ரிவர்ஸ் ஃப்ளோ" வகை மேல் என்று விற்பவர் சொல்கிறார். கூடுதல் விலைக்குத் தகுமா?

பதில்: அதில் பீப்பாயின் அடியில் முழுநீளத் தகடு ஒன்று இருக்கும். சூடும் புகையும் அதன் கீழாக மறுகோடி வரை போய், மேலேறித் திரும்பி, நெருப்புப் பக்கமே உள்ள புகைபோக்கியில் வெளியேறும். இடத்துக்கு இடம் சூடு வேறுபடுவது குறையும். தகடு நெருப்புச் சூட்டை நேராகக் கறிமேல் விழாமல் தடுக்கும். பதிலுக்குக் காற்று இரண்டு முறை திரும்ப வேண்டியிருப்பதால் இழுப்பு மந்தமாகும், சூடு மாற நேரமெடுக்கும், தகட்டின் மேல் சேரும் கொழுப்பை ஒவ்வொரு முறையும் வழித்தெடுக்க வேண்டும். தட்டு நிறையக் கறி அடுக்குபவருக்கு உதவும். ஒரு பிரிஸ்கெட் (மாட்டின் நெஞ்சுக்கறி), இரண்டு கோழி வைப்பவருக்கு நேர்வழிக் காற்றோட்டமே போதும். அதில் ஒரு பக்கம் சூடு கூடுதலாக இருப்பதும் ஒரு வசதிதான், கோழியை அங்கே வைக்கலாம்.

கேள்வி: மூடியில் உள்ள வெப்பமானி 120 காட்டுகிறது. கறி மட்டும் சொன்ன நேரத்தில் வேகுவதே இல்லை.

பதில்: முள் இருப்பது உச்சியில், கறி இருப்பது கீழே. இரண்டுக்கும் 20, 30 டிகிரி வித்தியாசம் சாதாரணம். இரண்டு முனை கொண்ட மின்னணு வெப்பமானி வாங்கி, ஒன்றைக் கம்பித் தட்டில் கறியிலிருந்து 5 செ.மீ. தள்ளிப் பொருத்துங்கள், மற்றதைக் கறிக்குள் செலுத்துங்கள். முதலில் கொதிநீரில் சோதியுங்கள். கடல்மட்டத்தில் 100 காட்ட வேண்டும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 1 டிகிரி குறையும். மலிவான ஸ்மோக்கரோ விலை கூடியதோ, இந்தக் கருவி இல்லாமல் ஓட்ட வேண்டாம். நீங்கள் செய்யும் செலவில் மிகக் குறைந்ததும் மிகப் பயன்தருவதும் இதுதான்.

கேள்வி: ஆறு கிலோ பிரிஸ்கெட் வைத்தேன். உள்சூடு 68 டிகிரிக்கு வந்து நான்கு மணி நேரம் அசையவே இல்லை. ஸ்மோக்கரில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. கறியின் மேல் கசியும் ஈரம் ஆவியாகி, வேர்வை உடம்பைக் குளிர்விப்பதுபோல் கறியைக் குளிர்விக்கிறது. உள்ளே போகும் சூடும் ஆவியில் போகும் சூடும் சமமாகி நிற்கும். 65 முதல் 75 டிகிரிக்குள் எங்கும் இது வரலாம். எந்த விலை ஸ்மோக்கரிலும் வரும். விறகை அள்ளிப் போட்டுத் துரத்தாதீர்கள். மேற்பரப்பு கருஞ்சிவப்பாக இறுகி, நகத்தால் சுரண்டினாலும் பெயராத நிலைக்கு வந்திருந்தால் பூச்சில்லாத கறிக்கடைக் காகிதத்தில் இறுக்கிச் சுற்றி மறுபடி வையுங்கள். ஆவியாவது குறைந்து சூடு ஏறும். 95 டிகிரியை ஒட்டி, ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் எல்லா இடத்திலும் இறங்கினால் வெந்தது. எடுத்தபின் குறைந்தது ஒரு மணி நேரம் சுற்றியபடியே இருக்கட்டும். பரிமாறும்வரை 60 டிகிரிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

கேள்வி: இவ்வளவு பாடுபடுவதற்குப் பெல்லட் அடுப்போ, பீங்கான் கமாடோவோ, டிரம் ஸ்மோக்கரோ வாங்கிவிடலாமே?

பதில்: பலருக்கு அதுவே சரியான பதில், தயங்காமல் சொல்கிறோம். பெல்லட் அடுப்பு மின்சாரத்தில் ஓடும், மரத்தூள் குச்சிகளைத் தானே ஊட்டிக்கொள்ளும், இரவில் நீங்கள் தூங்கலாம். ஆனால் புகை மணம் மெலிதாக இருக்கும். கமாடோவின் தடித்த பீங்கான் உண்மையிலேயே சூட்டைப் போர்த்திக் காக்கும். ஒருமுறை நிரப்பிய கரியில் பன்னிரண்டு மணி நேரம் சாதாரணமாக ஓடும். அதற்குக் காற்று மிகக் கொஞ்சமே தேவை. அதனாலேயே அதில் விறகைச் சுடர்விட்டு எரிக்க முடியாது. டிரம்மில் கொழுப்பு நேராகத் தணலில் சொட்டி எழும் புகை கறிக்குத் தனி மணம் தரும். மலிவானது, கோழிக்கும் விலா எலும்புக்கும் அருமையானது.

விறகே எரிபொருளாக, சுடர்விட்டு, நிறையக் காற்றோடு எரிந்து, அந்தக் காற்று கறிமேல் ஓடுவது ஆஃப்செட்டில்தான். அந்த மணத்துக்கு மாற்று இல்லை. அதற்கு விலை, அரை மணிக்கு ஒருமுறை நீங்கள் எழுந்துபோவது. இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்பதை மலிவான ஸ்மோக்கரில் ஐந்தாறு முறை சமைத்துத் தெரிந்துகொண்டு, பிறகு பெரிய செலவுக்குப் போங்கள்.

கேள்வி: முதல் சமையலிலேயே நெருப்புப் பெட்டியின் வண்ணம் உரிந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: விலை கூடியதிலும் உரியும். 650 டிகிரி தாங்கும் என்று போட்ட பூச்சுகூட நெருப்பு நேராகப் படும் தகட்டில் நீடிப்பதில்லை. ஆறியபின் கம்பித் தூரிகையால் தேய்த்து, அடுத்த முறை தகடு சூடாக இருக்கும்போது சமையல் எண்ணெயை மெல்லியதாகத் துணியால் பூசுங்கள். ஒவ்வொரு முறையும் இதைச் செய்தால் கருப்பாகப் படலம் கட்டும், துரு அண்டாது. பீப்பாயின் உட்புறத்தை வாங்கியதும் ஒருமுறை எண்ணெய் பூசி, 150 – 175 டிகிரியில் இரண்டு மணி நேரம் வெறுமையாக ஓட்டிப் பக்குவப்படுத்துங்கள்.

வண்ணத்தைவிடச் சாம்பலைக் கவனியுங்கள். சாம்பல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்து இரும்பை அரிக்கும். நெருப்புப் பெட்டிகள் பெரும்பாலும் ஓட்டையாவது எரிந்து அல்ல, சாம்பலை அள்ளாமல் விட்டு. மறுநாளே அள்ளிவிடுங்கள். உள்ளே தணல் ஒளிந்திருக்கலாம், மூடியுள்ள உலோக வாளியில்தான் போட வேண்டும்.

கேள்வி: மழை வந்தால் வண்டி நிறுத்தும் கூரைக்குள் தள்ளி வைத்துச் சமைக்கலாமா?

பதில்: கூடாது. விறகுத் தீயும் கரியும் கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. திறந்தவெளியில், சுவரிலிருந்தும் எரியக்கூடிய பொருளிலிருந்தும் 3 மீட்டராவது தள்ளி வையுங்கள். பீப்பாய்க்குள் கொழுப்பு தீப்பிடித்தால் மூடியைத் திறக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்றுவாய், புகைபோக்கி இரண்டையும் அடைத்துவிட்டு விலகி நில்லுங்கள். புகைபோக்கியை அடைக்க வேண்டிய ஒரே தருணம் இதுதான்.

கேள்வி: கனத்த தகட்டு ஸ்மோக்கர் ஒன்று பழையதாகப் பாதி விலைக்கு வருகிறது. துணிந்து வாங்கலாமா?

பதில்: 6 மி.மீ. தகடு என்றால் பழையதுதான் புத்திசாலித்தனமான கொள்முதல். மேலே படிந்த துருவைப் பார்த்து ஒதுக்காதீர்கள், ஒரு நாள் தேய்த்தால் போய்விடும். நெருப்புப் பெட்டியின் அடித்தரையில் சாம்பலை விலக்கிவிட்டு ஸ்குரூ டிரைவரால் அழுத்திக் குத்துங்கள். அடுக்கடுக்காகப் பெயர்ந்தாலோ முனை உள்ளே இறங்கினாலோ அந்தத் தகட்டை மாற்ற வேண்டும். அந்தக் கூலியை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். நெருப்புப் பெட்டி பீப்பாயோடு சேரும் வெல்டிங்கில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். மூடி திறந்து மூடும்போது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அமர வேண்டும்.

எரிவாயுத் தொட்டியை வெட்டிச் செய்தது என்றால், வெட்டியது யார் என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர் தொட்டியைத் தண்ணீரால் நிரப்பி வாயுவை வெளியேற்றிய பிறகே வெட்டுவார், பின்னர் உட்புறத்தைத் தீயால் சுட்டுச் சுத்தம் செய்திருப்பார். மூடிக்குள் தலையைவிட்டு மூச்சை இழுத்துப் பாருங்கள். விறகுப் புகையும் கொழுப்பும் மணந்தால் நல்லது. பெயிண்ட், டீசல், எரிவாயு நெடி வந்தால் வேண்டாம். கம்பித் தட்டு அரித்துப்போயிருந்தால் கவலைப்படாதீர்கள், அதைப் புதிதாக வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். முறுக்கிய மூடியை மட்டும் எந்தப் பட்டறையாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. அப்படி இருந்தால் பாதி விலையும் அதிகம்தான்.